கிறிஸ்துமஸ் கல்கல் கலவை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் செய்யும் பலகாரங்களில் முதலில் தீர்ந்து போவதும், செய்யும்போது அதிகம் கைவிடுவதும் ஒன்றேதான். சீப்பில் சுருட்டிய கல்கல், சாய்சதுரமாக வெட்டிய டைமண்ட் துண்டுகள், வறுத்த முந்திரி, வேர்க்கடலை ஆகியவற்றைச் சர்க்கரைப் பாகில் புரட்டி ஒன்றாகக் கலந்து டப்பாவில் நிரப்பும் இனிப்புக் கலவைதான் அது. கோவாவிலும் மங்களூரிலும் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டுக்குக் குஸ்வார் என்று பெயர்; மங்களூர்க் கொங்கணியில் கல்கல்லை, அதன் வடிவத்தை வைத்துப் புழு என்ற பொருளில் கிடியோ என்றும், டைமண்ட் துண்டுகளைத் துக்டி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் கலகலா என்ற பெயர் சில வீடுகளில் கல்கல்லையும் சில வீடுகளில் டைமண்ட் துண்டுகளையும் குறிக்கும். பெயர் எதுவானாலும் பிசையும் மாவும் ஏற்றும் பாகும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், கீழே சொல்பவை இரண்டுக்கும் பொருந்தும்.

இந்தப் பலகாரத்தில் பிழை நடக்கும் இடம் ஒன்று, அது வெளியே தெரியும் இடம் வேறு. மாவு பிசைந்தபோது கூடிப்போன இரண்டு கரண்டி தேங்காய்ப்பால், இரண்டு நாள் கழித்து டப்பாவைத் திறக்கும்போதுதான் தன்னைக் காட்டும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போய்த்தான் காரணத்தைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பல ஆண்டுகளாகப் போய்ப் பார்த்ததில், பெரும்பாலான பிழைகள் ஒரே கேள்வியில் வந்து முடிந்தன: வெளியேற வேண்டிய நீர் எங்கே தங்கியது, அல்லது வெளியே இருந்த நீர் எந்த வழியாக உள்ளே வந்தது?

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டும். மைதா 500 கிராம், நைஸ் ரவை 50 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், சூடாக்கிய நெய் 60 கிராம், முட்டை ஒன்று, உப்பு அரைத் தேக்கரண்டி, பிசைவதற்குக் கெட்டித் தேங்காய்ப்பால் ஏறத்தாழ 150 மில்லி. பாகுக்குச் சர்க்கரை 300 கிராம், தண்ணீர் 120 மில்லி. முட்டை சேர்க்காதவர்கள் அதற்கு ஈடாக மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பாலைக் கூட்டிக்கொள்ளலாம். முந்திரியும் வேர்க்கடலையும் தலா 150 கிராம் சேர்ப்பதானால், அவற்றுக்கென்று 100 கிராம் சர்க்கரையில் தனியாகப் பாகு வைப்பது நல்லது.

சுருள் சீப்பில் ஒட்டுகிறது, அல்லது சுருட்டியது விரிந்துவிடுகிறது

இரண்டும் எதிரெதிரான கோளாறுகள். மாவு சீப்பின் பல்லுக்குள் ஏறி ஒட்டிக்கொண்டால் அது இளகி இருக்கிறது. மேலே மைதாவைத் தூவிச் சமாளிக்கத் தோன்றும், ஆனால் அந்தத் தூள் பின்னால் எண்ணெயில் உதிர்ந்து கருகி, அடுத்த ஈடுகள் எல்லாவற்றிலும் கரும்புள்ளியாக ஒட்டும். சீப்பில் துளி நெய் தடவி, மாவை இருபது நிமிடம் மூடிவைத்தால் ரவை ஈரத்தை இழுத்துக்கொண்டு மாவு தானாகவே இறுகும். சுருட்டியது விரிகிறது என்றால் மாவு மேலே காய்ந்திருக்கிறது, அல்லது பிசைந்த கையோடு உருட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். பிசையும்போது மைதாவில் ஏற்படும் இழுவை அடங்கக் குறைந்தது அரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை மாவை ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும். சுருளின் ஓரத்தை விரல் நுனியில் தொட்ட பாலால் ஈரப்படுத்தி அழுத்தி, அந்த ஓரம் அடியில் இருக்கும்படி தட்டில் வைத்தால் எண்ணெயிலும் பிரியாது. சீப்பு புதிதாக இருக்க வேண்டும் என்பதும், அது இந்த வேலைக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்கும். முள்கரண்டியின் பின்புறமும் போதும்.

டைமண்ட் துண்டுகள் பூரி போல உப்புவது பிழை என்று சிலர் நினைக்கிறார்கள். உப்பிய துண்டின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் அது சீக்கிரம் நொறுங்கும், டப்பாவில் இடத்தை அடைக்கும். மற்றபடி சுவையில் குறையில்லை. வேண்டாம் என்றால் வெட்டுவதற்கு முன் விரித்த மாவை முள்கரண்டியால் பரவலாகக் குத்திவிட வேண்டும்.

எண்ணெயில் போட்டதும் கரைந்து உதிர்கிறது

நெய் கூடிவிட்டது, அல்லது பொடித்த சர்க்கரை கூடிவிட்டது. நெய் மாவுத்துகள்களைப் பூசிக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்று பிடிக்கவிடாமல் செய்கிறது. அளவோடு இருந்தால் அதுவே கரகரப்பு, மீறினால் அதுவே உதிர்வு. இதைச் சோதிக்க எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்த வழியைவிடத் துல்லியமான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. தேங்காய்ப்பால் ஊற்றுவதற்கு முன், சூடான நெய் கலந்த மாவில் ஒரு கை அள்ளி அழுத்தினால் கொழுக்கட்டை போலப் பிடிபட வேண்டும். அதையே விரலால் தட்டினால் உதிர வேண்டும். தட்டியும் உதிராமல் களிபோல இருந்தால் நெய் அதிகம். இன்னும் இரண்டு கை மைதா சேர்க்கலாம். பிடிபடவே இல்லை என்றால் நெய் போதாது.

முதல் ஈட்டில் பத்து உருண்டைகளுக்கு மேல் போடாதிருப்பதும் இதற்காகத்தான். அந்தப் பத்தும் கரைந்தால் மீதி மாவில் ஐந்தாறு மேசைக்கரண்டி மைதாவும் கொஞ்சம் பாலும் சேர்த்துப் பிசைந்து காப்பாற்றிவிடலாம். எல்லாவற்றையும் சுருட்டித் தட்டில் பரப்பிவிட்டு, கடைசியில் அடுப்பை மூட்டினால் இந்த வாய்ப்பு கிடைக்காது.

எண்ணெய் நுரைத்துப் பொங்கினால் அடுப்பை உடனே தணித்து, சாரணிக் கரண்டியால் துண்டுகளை எடுத்துவிட வேண்டும். காரணம் பெரும்பாலும் பழைய எண்ணெய், அல்லது அளவுக்கு மீறி ஒரே நேரத்தில் போட்டது. சட்டியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது.

வெளியே சிவந்துவிட்டது, உடைத்தால் நடுவில் மாவாக இருக்கிறது

இந்த அறிகுறியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த நாள் நமுத்துப் போவதாக வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பொரித்து எடுத்த ஒரு கல்கல்லை இரண்டு நிமிடம் ஆறவிட்டுக் குறுக்கே உடைத்துப் பாருங்கள். சுருளின் அடுக்குகள் எல்லாம் ஒரே வெளிர் பழுப்பாக, விரலால் நசுக்கினால் தூளாக வேண்டும். நடுவில் நெற்றிப்பொட்டு அளவுக்கு வெண்மையாக, பளபளப்பாக, நகத்தால் அழுத்தினால் பதியும்படி ஒரு புள்ளி இருந்தால் அங்கே நீர் இருக்கிறது. அப்போது கடித்தால் வெளிப்புறம் மொறுமொறுவென்றுதான் இருக்கும், அதனால் பலர் இதைக் கவனிப்பதில்லை. இரவு முழுவதும் அந்த நீர் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவி, மறுநாள் காலையில் துண்டு முழுவதையும் ஒரே சீராக மெத்தென்று ஆக்கிவிடும். டப்பா சரியாக மூடவில்லை என்று வீட்டில் யாரையாவது குறை சொல்வதற்கு முன் இதை உடைத்துப் பார்ப்பது நியாயம்.

காரணம் எண்ணெயின் சூடு. கல்கல்லுக்கு 160 முதல் 165 டிகிரி செல்சியஸ் போதும். 180க்கு மேல் போனால் மாவில் உள்ள சர்க்கரையும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து இரண்டு நிமிடத்தில் நிறத்தைக் கொடுத்துவிடும். நிறம் வந்துவிட்டதே என்று எடுத்துவிடுவோம், உள்ளே வேகாது. வெப்பமானி இல்லாதவர்கள் மிளகளவு மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்க்கலாம். அது அடிக்குப் போய், சிறு குமிழிகளோடு நான்கைந்து நொடியில் நிதானமாக மேலே வர வேண்டும். போட்ட உடனே மேலே துள்ளி வந்தால் சூடு அதிகம்.

எப்போது எடுப்பது என்பதற்கு நிறத்தைவிடக் காதை நம்பலாம். துண்டுகளைப் போட்டதும் எழும் சலசலப்பு, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி எண்ணெயைக் கிழித்து வெளியேறும் சத்தம். ஐந்தாறு நிமிடத்தில் அது தணிந்து, குமிழிகள் சிறுத்து, சட்டி ஏறக்குறைய அமைதியாகும். அப்போது அரித்து எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் நிறம் மிகவும் அடர்ந்துவிடுகிறது என்றால் தீயைக் குறைக்க வேண்டும் என்று பொருள். சலசலப்பு அடங்குவதற்கு முன் எடுக்க வேண்டும் என்று பொருள் கொள்ளக் கூடாது. எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் துண்டுகள் ஒரு நிழல் கூடுதலாகச் சிவக்கும் என்பதால், விரும்பும் நிறத்துக்குச் சற்று முன்பே எடுக்க ஏதுவாகத் தீயை முதலிலேயே அமைத்துக்கொள்வது நலம்.

துண்டின் கனமும் இதில் சேரும். நெல்லிக்காய் அளவு உருண்டையைச் சுருட்டினால் எந்தத் தீயிலும் நடுப்பகுதி வேக நேரமாகும். சிறு கோலிக்குண்டு அளவு உருண்டையைச் சீப்பின் மேல் மெல்லியதாக விரித்து அழுத்திச் சுருட்டினால் உள்ளே குழல் போல இடைவெளி கிடைக்கும், அந்த வழியாக எண்ணெய் போய் வரும்.

பாகு ஏற்றுவதற்கு முன் கண்டுபிடித்துவிட்டால் எளிதில் திருத்தலாம். அவனில் 140 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பரப்பி வைத்தால் நடுப்பகுதி உலர்ந்துவிடும். அவன் இல்லை என்றால் அடிகனமான இருப்புச்சட்டியில் எண்ணெய் விடாமல், மிகச் சிறு தீயில் பதினைந்து நிமிடம் புரட்டிக்கொண்டே இருக்கலாம். பாகு ஏற்றிய பின் தெரிந்தால் திருத்துவது கடினம், ஏனென்றால் சர்க்கரைப் பூச்சு நீரை வெளியே விடாது.

கல் போலக் கடினமாக இருக்கிறது

கரகரப்புக்கும் கடினத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு நெய்யும் பிசைவும்தான். நெய் குறைந்து, பால் கூடி, சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்தித் தேய்த்துப் பிசைந்தால் மைதாவின் பசைத்தன்மை வலுத்து, பொரிந்ததும் பல்லை உடைக்கும் பதத்துக்கு வந்துவிடும். மாவு ஒன்றுசேர்ந்ததும் கையை நிறுத்த வேண்டும். வழவழப்பு வரும்வரை பிசையத் தேவையில்லை. மிகவும் தணிந்த தீயில் நீண்ட நேரம் கிடந்தாலும் கடினமாகும். பொரித்த பின் இதற்குத் திருத்தம் இல்லை. ஒரே ஒரு பயன் உண்டு: கடினமான துண்டுகளைப் பொடித்துத் தேங்காய்த்துருவலும் ஏலக்காயும் சேர்த்துச் சோமாஸுக்குப் பூரணமாக வைக்கலாம், நன்றாகவே இருக்கும்.

சமையல் சோடாவை அதிகமாகப் போட்டு இதைச் சரிசெய்ய முயல்கிறவர்கள் உண்டு. சோடா கூடினால் துண்டு பஞ்சுபோல விரிந்து, அந்தத் துளைகள் முழுவதும் எண்ணெயைக் குடிக்கும், நாக்கில் சோப்பு வாடையும் நிற்கும். எண்ணெய் குடிப்பதற்கு இன்னொரு காரணம் சூடு போதாமை. ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரு தடவைக்கு 150 கிராம் மாவுக்கு மேல் போட்டால் சூடு சட்டென்று இறங்கி, துண்டுகள் எண்ணெயில் ஊறத் தொடங்கும். தாளில் வைத்து அழுத்தினால் எண்ணெய் வட்டமாகப் படர்கிறது என்றால், பாகுக்குப் போவதற்கு முன் இன்னொரு தாளுக்கு மாற்றி அரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

பாகு பூக்காமல் பிசுபிசுப்பாகவே இருக்கிறது

பாகு பூத்தல் என்று நாம் சொல்வது, கரைந்திருந்த சர்க்கரை மறுபடி பளிங்காகி, துண்டுகளின் மேல் வெள்ளைப் பூச்சாக உட்காருவது. அது நடக்க வேண்டுமானால் பாகில் நீர் போதிய அளவு குறைந்திருக்க வேண்டும். கடலோர ஊர்களில் பாகு 112 முதல் 115 டிகிரியைத் தொடும்போது அதில் சுமார் 85 சதவீதம் சர்க்கரை இருக்கும். அதுவே இந்தக் கலவைக்கான பதம். விரல்களுக்கிடையே தொட்டுப் பிரித்தால் இரண்டு மூன்று கம்பிகள் அறுந்து போகாமல் நீளும். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் மெத்தென்று உருளும். ஒற்றைக் கம்பியில் நிறுத்தினால் குலாப் ஜாமூனுக்கான பாகுதான் கிடைக்கும், அது எத்தனை நேரம் கிளறினாலும் பூக்காது. உதகையைப் போல 2,200 மீட்டர் உயரத்தில் வசிப்பவர்கள் வெப்பமானியை நம்பும்போது ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், மேலே சொன்ன எண்களிலிருந்து ஏழு டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பதம் சரியாக இருந்தும் பூக்கவில்லை என்றால் எலுமிச்சைச் சாற்றைத் தேட வேண்டும். பாகு என்றாலே சில துளி எலுமிச்சை விடுவது பல வீடுகளில் பழக்கம். நானும் ஓராண்டு அந்தப் பழக்கத்தில் விட்டுவிட்டு, முழு ஈட்டையும் ஒரு மணி நேரம் கிளறிக் கையோய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். எலுமிச்சையின் புளிப்பு கொதிக்கும் சர்க்கரையில் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுகிறது. அவை நடுவே புகுந்துகொண்டு சர்க்கரையைப் பளிங்காகவிடாமல் தடுக்கின்றன. ஜாமூன் பாகுக்கு அது வரம். இங்கே அதுவே முதல் எதிரி, ஏனென்றால் ஃபிரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். இன்று பிசுபிசுப்பது நாளை கசியும். தேனும் வெல்லமும் இதே வேலையைச் செய்யும். வெல்லப்பாகு ஏற்றிய கல்கல் மணமாகவே இருக்கும், ஆனால் அதை ஓரிரு நாளில் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், சர்க்கரைக் கலவையோடு ஒரே டப்பாவில் போடக் கூடாது.

எலுமிச்சை சேர்க்காமல், பதம் மட்டும் குறைந்திருந்தால் காப்பாற்றலாம். துண்டுகளை அகலமான சட்டியில் கொட்டி, மிகச் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் புரட்டி நீரை ஓட்டிவிட்டு, அடுப்பை அணைத்து, மேலே இரண்டு தேக்கரண்டி சாதாரண சர்க்கரையைத் தூவிக் கிளற வேண்டும். அந்தச் சர்க்கரை மணிகள் உறைமோர் போல வேலை செய்யும். அவற்றைப் பிடித்துக்கொண்டு மற்றதும் பளிங்காகும். எலுமிச்சை சேர்ந்த பாகு இதற்கும் மசியாது. அதைப் பொடித்த சர்க்கரையில் புரட்டி அன்றே பரிமாறிவிடுவதுதான் வழி.

சரியாகப் பூக்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு எந்த அளவுகோலும் வேண்டியதில்லை. அடுப்பை அணைத்துத் துண்டுகளைக் கொட்டியதும் அவை எண்ணெய் தடவியது போல மின்னும், கரண்டிக்குக் கனமாக இருக்கும், சொதசொதவென்று சத்தம் வரும். ஒன்றிரண்டு நிமிடம் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக்கொண்டே இருந்தால் மினுமினுப்பு மங்கும். துண்டுகளுக்கிடையே சிலந்தி நூல் போல இழைகள் தோன்றும். பிறகு ஓரிரண்டு துண்டுகளின் முனையில் வெண்மை விழுந்து, சில நொடிகளில் சட்டி முழுவதும் பரவும். அதே நேரத்தில் கரண்டி லேசாகிவிடும், கலகலவென்று துண்டுகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்தவுடன் கையை நிறுத்திவிட வேண்டும்.

துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. அல்லது பூச்சு தூளாக உதிர்கிறது

கலகலப்பு வருவதற்கு முன் கிளறுவதை நிறுத்தினால் கட்டி. வந்த பிறகும் நிறுத்தாவிட்டால் தூள். கட்டியானதை இளஞ்சூட்டில் நெய் தொட்ட கையால் பிரித்துவிடலாம். ஆறிவிட்டால் பிரிக்கும்போது துண்டுகள் உடையும். சட்டி சிறியதாக இருந்து, அடியில் உள்ள துண்டுகள் புரளாமல் கிடந்தாலும் கட்டி விழும். ஆகவே இந்த அளவு கலவையை இரண்டு பங்காகப் பிரித்து, பாகையும் இரண்டு முறை வைப்பதே எனக்குச் சரியாக வருகிறது.

தூளாக உதிர்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, முன்னர் சொன்ன எண்ணெய்தான் அது. எண்ணெய் படர்ந்த துண்டின் மேல் பாகு பற்றாது. பூத்த சர்க்கரை சட்டி அடியில் தங்கும், துண்டுகள் மொட்டையாக இருக்கும். அந்தச் சர்க்கரையை வீணாக்க வேண்டாம். அதோடு நான்கு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்து மறுபடி பதத்துக்குக் கொண்டுவந்து, தாளில் நன்றாக எண்ணெய் எடுத்த துண்டுகளைப் போட்டு இரண்டாம் முறை புரட்டலாம். இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு தடித்த பூச்சைவிட உறுதியாக நிற்கும்.

துண்டுகளைப் போடுவதற்கு முன்பே பாகு சட்டியில் சர்க்கரையாகிவிட்டால் பதறத் தேவையில்லை. பாகு கொதிக்கும்போது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய மணிகள் உள்ளே விழுந்திருக்கும், அல்லது சர்க்கரை கரைந்த பின்னும் கரண்டியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கரைத்து, ஓரங்களை ஈரத்துணியால் துடைத்து, மறுபடி கலக்காமல் கொதிக்கவிட்டால் போதும். ஏலக்காய்த்தூளையும் எசென்ஸையும் அடுப்பை அணைத்த பின் சேர்க்க வேண்டும். சிவப்பும் பச்சையும் வேண்டும் என்பவர்கள் நிறத்தைப் பாகு கொதிக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். கடைசியில் விடும் சில துளிகளே பதத்தைப் பின்னுக்கு இழுத்துவிடும்.

செய்த அன்று நன்றாக இருந்தது, டப்பாவில் நமுத்துப் போனது

முதலில் நடுப்பகுதி வெந்திருந்ததா என்று மேலே சொன்னபடி உடைத்துப் பாருங்கள். வெந்திருந்தால் ஈரம் வெளியிலிருந்து வந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீள்வதால், சென்னையிலிருந்து தூத்துக்குடி வரையிலான கரையோரத்தில் கிறிஸ்துமஸ் பலகாரம் எப்போதும் ஈரக்காற்றில்தான் செய்யப்படுகிறது. இரவு முழுவதும் தட்டில் ஆறட்டும் என்று விட்டுவிட்டுத் தூங்கப் போனால் காலைக்குள் வேலை கெட்டுவிடும். சூட்டோடு டப்பாவில் போட்டாலும் ஆவி மூடியில் பட்டுத் துளியாகித் திரும்ப விழும். மின்விசிறியின் கீழ் ஒரே அடுக்காகப் பரப்பி, தட்டின் அடியைத் தொட்டால் சூடு தெரியாத நிலை வந்ததும் மூடிவிட வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம் போதும்.

இரண்டாவது சந்தேகம் டப்பாவுக்குள் உடன் கிடப்பவற்றின் மேல் விழ வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்குமே என்று உலர்ந்த திராட்சையையும் டூட்டி ஃபுரூட்டியையும் கலந்துவைத்த ஆண்டில், மூன்றே நாளில் முந்திரி வரைக்கும் வதங்கிப் போனது. உலர்ந்த திராட்சை என்ற பெயர்தான். அதில் ஏறத்தாழ 15 சதவீதம் நீர் உண்டு, பொரித்த துண்டில் அதில் சிறு பங்குகூட இருக்காது. ஒரே மூடிக்குள் அடைத்தால் நீர் இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். திராட்சை விறைக்கும், கல்கல் நமுக்கும். பழம் சேர்ந்த எதையும் தனியாக வைத்து, தட்டு கொண்டுபோகும் நேரத்தில் மேலே தூவுவதுதான் சரி. அச்சு முறுக்கும் தனி டப்பாவில் இருக்கட்டும். அது மெல்லிய இதழ் என்பதால் ஈரத்தை எல்லாவற்றுக்கும் முன் வாங்கிவிடும், அடியில் கிடந்தால் நொறுங்கவும் செய்யும். பெருங்காயம் போட்ட கார முறுக்கைப் பக்கத்தில் வைத்தால் இனிப்பு முழுவதும் அந்த மணம் ஏறிக்கொள்ளும்.

அன்றாடம் எடுக்கப் பெரிய டப்பாவைத் திறந்து திறந்து மூடாமல், சிறு டப்பா ஒன்றில் இரண்டு நாள் அளவை மாற்றிக்கொள்ளலாம். நமுத்துவிட்ட கலவையை அவனில் 100 டிகிரியில் பதினைந்து நிமிடம் பரப்பிவைத்து, முழுவதும் ஆறிய பின் கடித்துப் பார்க்க வேண்டும். சூட்டில் எடுத்துக் கடித்தால் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும், அதைப் பார்த்து இன்னும் பதினைந்து நிமிடம் வைத்துக் கருக்கிவிட வேண்டாம். பூச்சு சரியாகப் பூத்திருந்தால் இந்தச் சூட்டில் உருகாது.

ஒரு வாரத்தில் காறல் வாடை வருகிறது

இங்கே மட்டும் காரணம் நீர் இல்லை, எண்ணெய். முறுக்கும் வடையும் பொரித்த எண்ணெயிலேயே கல்கல்லையும் பொரித்தால் முதல் நாள் எதுவும் தெரியாது; நான்கைந்து நாளில் மூடியைத் திறந்தவுடன் மூக்கில் அடிக்கும். அந்த எண்ணெய் ஏற்கெனவே காற்றோடு சேர்ந்து சிதையத் தொடங்கியிருக்கும், பொரித்த பலகாரத்தில் அது இன்னும் வேகமாகத் தொடரும். கிறிஸ்துமஸ் வாரத்தில் புது எண்ணெயில் முதலில் கல்கல், பிறகு டைமண்ட், கடைசியில் காரவகைகள் என்ற வரிசையை வைத்துக்கொண்டால் போதும். செக்குத் தேங்காய் எண்ணெயில் பொரிப்பவர்கள் அது 175 டிகிரி அளவிலேயே புகையத் தொடங்கும் என்பதை நினைவில் வைத்து, தீயை ஒரு படி கீழே நிறுத்த வேண்டும்.

வேர்க்கடலையும் இதே பிழைக்கு ஆளாகும். வறுப்பதற்கு முன் நான்கைந்து பருப்பை மென்று பாருங்கள்; கடைவாயில் லேசான கசப்போ, பழைய எண்ணெயின் மணமோ தெரிந்தால் அந்தப் பொட்டலத்தையே ஒதுக்கிவிட வேண்டும். வறுத்தாலும் பாகு ஏற்றினாலும் அது மறையாது, அதில் கிடக்கும் மற்றவற்றின் சுவையையும் கெடுக்கும். டப்பா முழுவதும் காறல் ஏறிவிட்டால் அவனில் வைப்பதாலோ மேலே ஏலக்காய் தூவுவதாலோ பயன் இல்லை. மனம் வராவிட்டாலும் கொட்டிவிட்டு, டப்பாவைச் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே புது ஈட்டை அதில் நிரப்ப வேண்டும்.